பசுவை எங்கே எழுதுவது

மே மாதத்து மழையில் மலை கரைந்தபோது
ஸ்ப்ரெச்சா ஆறு
எச்சரிக்கைப் பலகைகளையும் அடித்துக்கொண்டு போனது.
சிவப்புப் பலகை, மண்டையோடு, குறுக்கே இரண்டு எலும்பு.
ஒன்று பள்ளிக்கூட வேலியில் போய்ச் சிக்கியது.
ஒன்று ருவேய்தாவின் அடுப்படிக்குள் நுழைந்து
மாவு டப்பாமேல் கவிழ்ந்து கிடந்தது.
பலகை எதைக் காட்டி நின்றதோ
அதுவும் கிளம்பிவிட்டிருந்தது.

இருபது வருஷம் மண்ணுக்குள் படுத்திருந்த கண்ணிவெடி
நீந்தும் என்று
எந்த வரைபடமும் சொல்லியிருக்கவில்லை.

பிறகு எல்லோரும் வந்தார்கள்.
படகு ஒரு நாட்டிலிருந்து, போர்வை ஒரு நாட்டிலிருந்து,
தண்ணீர் சுத்தம் செய்யும் மாத்திரை
எங்களில் யாருக்கும் வாசிக்க வராத எழுத்தில்.
ஒரு லாரி நிறைய ரப்பர் பூட்ஸ், எல்லாம் இடதுகால்.
வலதுகால் வேறு லாரியில் வேறு ஊருக்குப் போயிருந்தது.
சிரிக்காமல் இதை மூன்று மொழிகளில் விளக்குவது
என் வேலை.
நாள் கூலி. மதியச் சாப்பாடு உண்டு.

அஸெமினாவின் வேலை அப்படியில்லை.
முழங்கால் போட்டு, கருவி முனகும் இடத்தில்
கம்பியைச் சாய்த்து,
மண்ணை இரண்டு விரற்கடை, இன்னும் இரண்டு விரற்கடை,
கேட்டுக் கேட்டுத்தான் உள்ளே போவாள்.
ஒரு நாளைக்கு ஒரு கட்டில் அளவு நிலம்.
சில நாள் தொட்டில் அளவு.
கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் ஆணி, மீன் டப்பா மூடி,
வெள்ளம் கொண்டுவந்த யாருடையதோ ஒரு கதவுக் கொண்டி.
எல்லாவற்றுக்கும் அதே மரியாதை.

மூன்றாவது இலையுதிர் காலத்தில்
ஹுஸ்ரெஃபின் பிளம் தோப்பை ஒப்படைத்தார்கள்.
மஞ்சள் நாடாவை வெட்டி, காகிதத்தில் முத்திரை வைத்து,
போட்டோ எடுத்தார்கள்.
நிதி கொடுத்தவர்களின் ஆள் கேட்டார்:
இதனால் எத்தனை உயிர் காப்பாற்றப்பட்டது?
கெட்ட மனிதர் இல்லை. அவரைக் கேட்க மேலே ஒருவர் இருப்பார்.

அஸெமினா சொன்னது:
"சாகாதவன் வந்து கையெழுத்துப் போடுவானா?"
நான் அவரிடம் சொன்னது:
"கணக்கெடுத்துக்கொண்டிருக்கிறோம்."

தோப்புக்குள் யாரும் கால் வைக்கவில்லை.
ஹுஸ்ரெஃப் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்து
வேலிக்கு இந்தப் பக்கமே நின்றார்.
அவர் தம்பி உள்ளே போனது போரில் அல்ல;
போர் முடிந்த பிறகு,
பழம் பொறுக்க.
வந்தவர் தன் காலணியைக் குனிந்து பார்த்தார்.
நானும் என்னுடையதை.

அப்போதுதான் ருவேய்தாவின் பசு
கயிற்றை இழுத்துக்கொண்டு,
முத்திரை கித்திரை எதையும் விசாரிக்காமல்
உள்ளே போனது.

முதல் மரம்.
இரண்டாவது மரம்.
புல் உயரம்; குளம்பு எங்கே பதிகிறதென்று தெரியவில்லை.
அஸெமினா மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.
கையுறையைக் கழற்றிவிட்டு
நகக்கண்ணில் இருந்த மண்ணைத்
தீக்குச்சியால் எடுத்துக்கொண்டிருந்தாள்.

பசு, விழுந்து புளித்த பழத்தைத் தின்றது.
குளவிகள் எழும்பி மறுபடி உட்கார்ந்தன.
சாணி போட்டது.

"என்ன நடந்தது?" என்றார் வந்தவர், ரகசியம் போல.
"ஒன்றும் நடக்கவில்லை."
அந்த நாளில் நான் பிசகாமல் சொன்னது
அது ஒன்றுதான்.

இரவு அறிக்கையில்
சதுர மீட்டர் எழுதினேன், செலவு எழுதினேன்.
பலன் என்ற கட்டம் இரண்டு விரற்கடை அகலம்.
பசுவை எங்கே எழுதுவது?

காலையில் அலுவலக வாசலில் ஒரு வாளி பிளம்.
பறித்த பழமில்லை, பொறுக்கியது;
அடியில் புல் ஒட்டியிருந்தது.
வெள்ளத்தின்போது நிவாரணத்தில் வந்த நீல வாளி.
பழத்தை வைத்துக்கொள்ளலாம்,
வாளி திரும்ப வேண்டும் என்று
ஹுஸ்ரெஃப் சொல்லி அனுப்பியிருந்தார்.